குடும்பத்தோடு ஜப்பானிய ராமென் கடைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குக் குடும்பத்தோடு செல்பவர்களில் பலர், சூடான சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமெனுக்குப் பெயர்பெற்ற கடை ஒன்றில் ஒருவேளையாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்நாட்டு ராமென் கடைகளில் பெரும்பாலானவை, தனியாக வந்து, பதினைந்து இருபது நிமிடங்களில் சாப்பிட்டு முடித்து எழுந்து போகும் வாடிக்கையாளருக்காக அமைக்கப்பட்டவை. அங்கே பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகும்போது எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன.

சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு புகழ்பெற்ற ராமென் கடைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் கடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசை நிற்கும் கடைகள் பலவற்றில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு இருக்கைகள்தாம் இருக்கும். அவையும் சமையலறையைப் பார்த்தபடி கவுண்டரை ஒட்டிப் போடப்பட்ட, சாய்மானம் இல்லாத உயரமான முக்காலிகளாக இருக்கும். நான்கு பேருக்கு அடுத்தடுத்த இடங்கள் ஒரே நேரத்தில் காலியாவது அரிது என்பதால், இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உட்காரச் சம்மதமா என்று பணியாளர் கேட்பார். மறுத்தால், பின்னால் நிற்பவர்கள் உங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள். குழந்தைத் தள்ளுவண்டியை மடித்து வைக்கக்கூட உள்ளே இடம் இராது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்று சில கடைகள் வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கும். முழங்கை இடிக்கும் அளவு நெருக்கமான இடத்தில் கொதிக்கும் சூப் கைமாறிக்கொண்டே இருப்பதை ஒருமுறை பார்த்தால், அந்த விதியில் நியாயம் இருப்பது புரியும்.

ஆகவே கடையின் புகைப்படங்களில் மேசைகள் தெரிகின்றனவா என்பதை முதலில் பாருங்கள். மேசைகளோ, காலணியைக் கழற்றிவிட்டு ஏறி அமரும், தத்தாமி எனப்படும் பாய் விரித்த தளமோ இருக்கும் கடையில் கைக்குழந்தையோடும் நிம்மதியாக உட்காரலாம். ஃபுகுவோகாவில் 1985இல் தொடங்கிய இப்புதோவின் கிளைகள் பலவற்றில் மேசைகள் உண்டு. ரிங்கர் ஹட், கோராகுயென் போன்ற சங்கிலிக் கடைகளில் சிறுவர்களுக்கான தனித் தட்டும், சிறு கிண்ணமும், உயர நாற்காலியும் கிடைக்கும். ராமென் ரசிகர்கள் இவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும் தலைசிறந்த ராமெனைவிட, அமைதியாக உட்கார்ந்து சாப்பிடும் சங்கிலிக் கடை ராமென் சுவையாகத்தான் இருக்கும்.

தடுப்புப் பலகை வைத்த தனித்தனி இருக்கைகள் கொண்ட இச்சிரான் கடையில் குடும்பமாக உட்கார முடியுமா?

முடியும். ஒவ்வொருவருக்கும் இரு பக்கமும் பலகை, எதிரே ஒரு சிறு திரை என்று அமைந்த அந்த இருக்கைகளில், பக்கத்துப் பலகையை மடித்து நகர்த்திவிடலாம். அப்போது பெற்றோருக்கு நடுவே பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். சூப்பின் அடர்த்தி, எண்ணெய், பூண்டு, காரக் குழம்பு, நூடுல்ஸின் உறுதி ஆகியவற்றை ஒரு தாளில் வட்டமிட்டுக் கொடுப்பதுதான் அங்குள்ள முறை; வேற்று மொழித் தாள்களும் உண்டு. பிள்ளையின் தாளில் காரக் குழம்பு வேண்டாம் என்பதை மறவாமல் குறித்துவிடுங்கள், ஏனெனில் அது கிண்ணத்தின் நடுவில் சிவப்பாக ஊற்றப்பட்டே வரும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது இயலாது.

பிள்ளைகளுக்கு எந்த வகை ராமென் பொருத்தமாக இருக்கும்?

சுவையைப் பார்க்கும் முன் நூடுல்ஸின் தடிமனையும் சூப்பின் சூட்டையும் பார்ப்பதே பயனுள்ளது. பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து வெண்மையாக இறக்கும் ஃபுகுவோகாவின் ஹகாதா டோன்கோட்சு ராமெனில் நூடுல்ஸ் மிக மெல்லியது. அதைச் சுடச்சுடச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்காகவே அந்த முறை உருவானது. குறைந்த அளவு நூடுல்ஸோடு கிண்ணம் வரும். தீர்ந்ததும் கயேதமா என்று சொல்லி மேலும் ஒரு பிடி வாங்கி, மிஞ்சிய சூப்பிலேயே போட்டுக்கொள்வார்கள். ஊதி ஊதி மெதுவாகச் சாப்பிடும் குழந்தையின் கிண்ணத்தில் அந்த மெல்லிய நூடுல்ஸ் சில நிமிடங்களில் சூப்பை உறிஞ்சி ஊதிப்போய்விடும். சப்போரோவில் வளர்ந்த, மிசோ எனப்படும் புளிக்கவைத்த சோயா விழுது சேர்த்த மிசோ ராமெனின் நூடுல்ஸ் தடித்ததும் சுருண்டதுமாக இருப்பதால் நீண்ட நேரம் தாங்கும். ஆனால் மேலே மிதக்கும் கொழுப்புப் படலம் சூட்டை உள்ளேயே அடைத்து வைத்திருக்கும். ஆவி வரவில்லை என்று நம்பிக் குழந்தைக்கு ஊட்டிவிடக் கூடாது. டோக்கியோ பாணிச் சோயா சாறு ராமென், ஹகோதாதேயின் தெளிந்த உப்பு ராமென் இரண்டும் லேசானவை. முதல்முறை சாப்பிடும் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றே நல்லது.

பலருக்குத் தோன்றாத ஒரு வழி சுகேமென். இதில் வேகவைத்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி ஒரு கிண்ணத்திலும், அடர்ந்த சூப்பை வேறொரு கிண்ணத்திலும் தருவார்கள்; நூடுல்ஸை எடுத்து சூப்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். டோக்கியோவின் தாய்ஷோகென் கடையைச் சேர்ந்த யமகிஷி கசுவோ 1955இல் இதை உணவுப் பட்டியலில் சேர்த்தார். நூடுல்ஸ் குளிர்ந்தே வருவதால் வாய் பொசுங்கும் அச்சமில்லை. நுனியை மட்டும் தோய்த்துக் கொடுத்தால் காரமோ உப்போ மிகாது. தோய்க்காத நூடுல்ஸைக் கையில் எடுத்துத் தின்னும் சிறு பிள்ளைகளும் உண்டு. பெரியவர்கள் முடித்தபின் எஞ்சிய சூப்பில் வெந்நீரோ நீர்த்த சூப்போ ஊற்றித் தரச் சொல்லிக் குடிக்கலாம்.

முன்பதிவு செய்ய முடியுமா? வரிசையைத் தவிர்க்க வழி உண்டா?

ராமென் கடைகளில் முன்பதிவு பெரும்பாலும் இல்லை. 2015 டிசம்பரில் ராமென் கடைகளிலேயே முதன்முதலாக, உணவக வழிகாட்டி நூலான மிஷெலினின் நட்சத்திரம் பெற்ற டோக்கியோவின் த்சுதா, கூட்டம் தாங்காமல் ஒரு காலத்தில் காலையிலேயே நேரம் குறித்த சீட்டை முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்து வந்தது. இப்போது வேறு சில கடைகளும் இணையவழி நேரச்சீட்டு தருகின்றன. மற்றபடி வரிசையில் நிற்பது ஒன்றே வழி.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் குடும்பத்துக்கு வசதி இருக்கிறது. பன்னிரண்டு மணி முதல் ஒன்றரை மணி வரை அலுவலகக் கூட்டம் நெருக்கும் என்பதால், கடை திறக்கும் பதினொரு மணிக்குச் சற்று முன்பே போய் நிற்பது நல்லது. முதல் சுற்றிலேயே எல்லோரும் ஒன்றாக உள்ளே போய்விடலாம். பிற்பகல் இரண்டரை மூன்று மணிக்குப் போகலாமே என்றால், அந்நேரத்தில் மாலை வரை கதவடைக்கும் கடைகள் ஏராளம். இரவு வரை திறந்திருக்கும் என்று அறிவித்த கடையும், அன்று காய்ச்சிய சூப் தீர்ந்தவுடன் மூடிவிடும்.

ஒருவர் மட்டும் வரிசையில் நிற்க, மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாமா?

கூடாது. எல்லோரும் வந்தபின் வரிசையில் சேருமாறு பல கடைகள் எழுதியே வைத்திருக்கின்றன. எழுதாத கடையிலும் அதுவே வழக்கம். கழிவறைக்குப் போய்வருவதற்கு மட்டும் பின்னால் நிற்பவரிடம் ஒரு தலையசைப்போடு சொல்லிவிட்டுப் போகலாம்.

வாசலில் இருக்கும் சீட்டு இயந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

குடும்பங்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். பழைய வகை இயந்திரத்தில் பணத்தை முதலில் செலுத்த வேண்டும். செலுத்திய தொகைக்குள் வாங்கக்கூடியவற்றின் பொத்தான்களில் மட்டும் விளக்கு எரியும். பொத்தான்களில் பெரும்பாலும் ஜப்பானிய எழுத்தும் விலையுமே இருக்கும். எதுவும் புரியாதபோது, மேல் வரிசையின் இடது ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடையின் சிறப்பு ராமெனே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பொத்தானை அழுத்தியதும் சிறு சீட்டு கீழே விழும். அடுத்தவருக்கான பொத்தானையும் அழுத்தலாம். எல்லாம் முடிந்தபின் மீதிப் பணத்துக்கான நெம்புகோலைத் திருப்பினால்தான் சில்லறை வரும். அதைத் திருப்பாமல் உள்ளே போய்விடுகிறவர்களைப் பணியாளர்கள் கூப்பிட்டுக் கொடுப்பது அன்றாடக் காட்சி.

பணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானில் 2024 ஜூலை 3 அன்று புதிய 1,000, 5,000, 10,000 யென் தாள்கள் வெளியாயின. இயந்திரத்தை மாற்றும் செலவு சிறு கடைக்காரர்களுக்குப் பெரியது என்பதால், பழைய தாளை மட்டுமே ஏற்கும் இயந்திரங்கள் பல கடைகளில் நீடித்தன. 2021இல் வந்த புதிய 500 யென் நாணயத்துக்கும் இதே கதிதான். பெரிய தாள்களை ஏற்காத இயந்திரங்களும் உண்டு. ஒரு கிண்ணம் ஏறத்தாழ 800 முதல் 1,200 யென் வரை ஆகும் என்ற கணக்கில், தலைக்கு இரண்டு 1,000 யென் தாள்களும் சில 100 யென் நாணயங்களும் கையில் இருந்தால் பதற்றமில்லை. புதிய தொடுதிரை இயந்திரங்களில் மொழியை மாற்றும் வசதியும் அட்டைவழிக் கட்டணமும் இருக்கும்.

யாருக்கு என்ன என்பதை வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டு, பெரியவர் ஒருவர் மட்டும் இயந்திரத்தின் முன் நிற்க, மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதே முறை. பொத்தான்களின் முன் நின்று குடும்பமே கலந்தாலோசிப்பது பின்னால் நிற்பவர்களுக்குப் பெரிய சோதனை. சில கடைகளில் சீட்டை வாங்கியபின் வரிசைக்கு வரவேண்டும், சிலவற்றில் முறை வந்தபின்தான் சீட்டு வாங்க வேண்டும். முன்னால் நிற்பவரின் கையில் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு கிண்ணத்தை இருவர் பகிர்ந்துகொள்ளலாமா?

பெரியவர்கள் பகிர்ந்துகொள்வது ஏற்கப்படுவதில்லை. உட்காரும் ஒவ்வொருவரும் ஒரு கிண்ணம் வாங்க வேண்டும் என்பது பெரும்பாலான கடைகளின் விதி. இருக்கைகள் குறைந்த கடைக்கு வருமானமே கிண்ணத்தின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு மட்டும் பெற்றோரின் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். தொரிசாரா என்று கேட்டால் சிறு தட்டோ கிண்ணமோ தருவார்கள். கவுண்டரின் உயரமான மேல்தட்டில் வைக்கப்படும் கிண்ணத்தைப் பிள்ளை எட்டி எடுக்க விடாமல், பெரியவரே ஒரு கையால் அடிப்பாதத்தையும் மறு கையால் விளிம்பையும் பிடித்து இறக்க வேண்டும். பக்கச்சுவர்தான் அதிகம் சுடும்.

சைவ உணவு உண்பவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கும்?

வழக்கமான கடையில் ஏதும் கிடைக்காது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. இறைச்சித் துண்டுகளை வேண்டாம் என்று சொன்னால் அவை மட்டும்தான் நீங்கும். சூப் பன்றி எலும்பிலோ, கோழியிலோ, உலர்ந்த மீனிலோ காய்ச்சியதாகவே இருக்கும். மிசோ என்பது சோயா அவரையில் செய்வதுதானே என்று மிசோ ராமெனைத் தேர்ந்தெடுப்பவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தடித்த கோதுமை நூடுல்ஸான உடோன், பக்வீட் என்னும் தானிய மாவில் செய்யும் நூடுல்ஸான சோபா ஆகியவற்றின் கடைகளிலும் நிலைமை அதுவே. பொரித்த டோஃபு மட்டும் போட்டு வரும் கித்சுனே உடோனைப் பார்த்தால் சைவமாகவே தோன்றும். ஆனால் அதன் சாறு புகையூட்டி உலர்த்திய சூரை மீனிலும் சில ஊர்களில் நெத்திலிக் கருவாட்டிலும் எடுத்தது. குளிர்ந்த சோபாவோடு வரும் தோய்சாறும் அப்படியே. நூடுல்ஸில் முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு.

அதனால் தாவர உணவுக்கென்றே நடத்தப்படும் கடைகளைத் தேடிப் போக வேண்டும். டோக்கியோ ரயில் நிலையத்தின் பயணச்சீட்டு வாயிலுக்கு உள்ளே இருக்கும் டீஸ் தான்தான், விலங்குப் பொருள் எதுவுமின்றி எள் விழுதில் செய்த ராமென் தருகிறது. யூசு எலுமிச்சை மணக்கும் உப்பு ராமெனுக்குப் பெயர்போன அஃபுரியின் கிளைகளில் தாவர ராமெனும் தனியாக உண்டு. குடும்பத்தில் சிலர் அசைவம், சிலர் சைவம் என்றால் அஃபுரி போன்ற கடையே எல்லோரும் ஒன்றாக உட்கார வாய்ப்பளிக்கும். ஒரே சமையலறை, ஒரே கொதிநீர் என்பதில் மனம் ஒப்பாதவர்களுக்கு டீஸ் தான்தான்தான் சரி.

பன்றியிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்களுக்குக் கோழிச் சூப் ராமென் கண்ணில் படும். ஆனால் அதன்மேல் வைக்கும் துண்டு பன்றியாக இருப்பது சாதாரணம். ஹலால் வேண்டுவோர் டோக்கியோவின் அசகுசாவில் உள்ள நரிதாயா போன்ற கடைகளுக்குப் போகலாம். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் ஒசாகா, கியோட்டோ பக்கங்களில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நிகு உடோன் என்று பட்டியலில் இருந்தால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சிதான்.

ஒவ்வாமை உள்ள பிள்ளையை அழைத்துப் போகலாமா?

கோதுமை ஒவ்வாமை இருந்தால் ராமென் கடையே வேண்டாம். நூடுல்ஸும் கோதுமை, சோயா சாறிலும் கோதுமை. ஜப்பானியச் சட்டம் பொதியிட்ட உணவுகளில் முட்டை, பால், கோதுமை, பக்வீட், நிலக்கடலை, இறால், நண்டு ஆகியவற்றோடு 2023இல் சேர்க்கப்பட்ட வால்நட்டையும் கட்டாயம் குறிப்பிடச் சொல்கிறது. ஆனால் அந்தக் கட்டாயம் உணவகங்களில் பரிமாறப்படும் கிண்ணத்துக்கு இல்லை. பெரிய சங்கிலிக் கடைகள் தாமாகவே ஒவ்வாமை அட்டவணை வெளியிடுகின்றன; சிறு கடையில் கேட்டறிவது கடினம். சோபாவின் மூலப்பொருளான பக்வீட்டுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், உடோன் கேட்டாலும் சோபா வெந்த அதே நீரில் அது வேகக்கூடும் என்பதை நினைத்து, இரண்டும் விற்கும் கடையை அறவே தவிர்க்க வேண்டும். இதற்கு ஏற்படும் எதிர்வினை உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஒலியெழுப்பி உறிஞ்சிச் சாப்பிட வேண்டும் என்பது கட்டாயமா?

இல்லை. உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போவதால் சூடு குறைகிறது, மணம் மேலெழுகிறது; அங்கே அது அநாகரிகமாகக் கருதப்படுவதில்லை, அவ்வளவே. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துப்போகும், ஆனால் சூப் தெறிக்கும் என்பதால் கழுத்தில் துணி கட்டிவிடுவது நல்லது. சில கடைகள் காகித ஏப்ரன் தருகின்றன. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது சாப்பிடப் பயன்படும் குச்சிகளைப் பற்றித்தான். குச்சியைச் சோற்றில் நட்டு வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் அங்கே இறுதிச் சடங்குக்கு உரியவை.

வயதான பெற்றோருக்கு இந்த உணவு ஒத்துவருமா?

உப்புதான் கவலை. சூப்பை முழுவதும் குடித்தால் ஒரு கிண்ணத்திலேயே ஐந்து ஆறு கிராம் உப்பு உடலில் சேரக்கூடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே ஐந்து கிராமுக்குக் குறைவு. சூப்பை மிச்சம் வைப்பதை யாரும் தவறாக எண்ணுவதில்லை, ஜப்பானியர்களிலும் பலர் அப்படியே செய்கிறார்கள். சுவை திடமாக இருக்கிறது என்று சொன்னால் சூப்பை இளக்கித் தரும் கடைகளும் உண்டு. உயரமான முக்காலியில் ஏறி இறங்குவது அவர்களுக்குச் சிரமம் என்பதால், குழந்தைகளுக்குச் சொன்ன மேசைக் கணக்கு இவர்களுக்கும் பொருந்தும். பல் பலவீனமானவர்களுக்கு ராமெனைவிட மிருதுவான உடோன் எளிது. ஆனால் ககாவா மாகாணத்தின் சனுகி உடோன் உறுதிக்குப் பேர்போனது, அது எளிதன்று.

பணியாளருக்கு அன்பளிப்பு தர வேண்டுமா?

தர வேண்டாம். வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். தண்ணீரும் இலவசம்.

பல வகை ராமெனை ஒரே இடத்தில் சுவைத்துப் பார்க்க வசதி உண்டா?

உண்டு. 1994இல் திறக்கப்பட்ட ஷின்-யோகோஹாமா ராமென் அருங்காட்சியகத்தின் தரையடித் தளத்தில், 1958ஆம் ஆண்டின் நகரத் தெருவை அப்படியே கட்டியெழுப்பி, அந்தத் தெருவில் வெவ்வேறு ஊர்களின் ராமென் கடைகளை நடத்துகிறார்கள். உடனடி ராமென் விற்பனைக்கு வந்த ஆண்டு அது. அங்குள்ள கடைகளில் சிறு அளவுக் கிண்ணம் கிடைப்பதால், ஒரே பிற்பகலில் இரண்டு மூன்று வகைகளைச் சுவைக்கலாம். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பழங்கால மிட்டாய்க் கடையும் தெருவும் பொழுதுபோக்காகிவிடும். நுழைவுக் கட்டணம் சிறியது. டோக்கியோ நிலையத்தின் நிலத்தடியில் உள்ள ராமென் தெருவும், கியோட்டோ நிலையக் கட்டடத்தின் பத்தாம் தளத்தில் உள்ள ராமென் கடை வரிசையும் பயண நடுவே வசதியானவை; பெட்டிகளோடு மட்டும் போகாமல், அவற்றை நிலையத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பிள்ளை சாப்பிட மறுத்தால் என்ன செய்வது? மீதியைக் கட்டித் தருவார்களா?

மீதியைக் கட்டித் தருவது வழக்கமில்லை. ஊறிப்போன நூடுல்ஸைக் கொண்டுபோயும் பயனில்லை. மறுக்கக்கூடும் என்று முன்பே தெரிந்தால், பிள்ளைக்கு ராமென் வாங்காமல், கியோசா எனப்படும் வாணலியில் வாட்டிய கொழுக்கட்டையும் வறுத்த சோறும் விற்கும் கடைக்கே போய்விடுங்கள். இரண்டிலும் பன்றியிறைச்சி இருப்பதே வழக்கம் என்பதை மட்டும் கவனியுங்கள். வெறும் சோறும் ஓர் அவித்த முட்டையும் அநேகமாக எல்லாக் கடைகளிலும் தனியாகக் கிடைக்கும், இயந்திரத்தின் கீழ் வரிசைப் பொத்தான்களில் அவை இருக்கும். வெளி உணவைக் கடைக்குள் கொண்டுவந்து ஊட்டுவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. கைக்குழந்தையின் கூழுக்கு மட்டும் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊட்டலாம்.